யாக்குமான்: ஜப்பானிய மாஜோங்கின் உச்சக் கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீச்சி மாஜோங் ஆடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் யாக்குமான் ஆசை வந்துவிடும். விதிப் பட்டியலின் அடியில் கிடக்கும் அந்தப் பன்னிரண்டு கைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆட்டமே தெரியாதவர்களுக்காக முதல் இரண்டு பதில்கள். தெரிந்தவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கலாம்.

கம்ப்யூட்டரில் ஜோடி ஜோடியாக எடுத்துக் காலி செய்வோமே, அந்த மாஜோங்கா இது?

இல்லை. அது ஒருவர் தனியாக ஆடும் புதிர். காய்கள் மட்டும்தான் ஒன்று. இது நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடும்பங்கள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே குடும்பம். ஆனால் அங்கே இருக்கும் பூக் காய்களும் விலங்குக் காய்களும் ஜப்பானிய ஆட்டத்தில் கிடையாது. பதிலுக்கு ரீச்சி (எதையும் திறக்காத கையில், இன்னும் ஒரே காய் வந்தால் முடியும் என்று அறிவித்துப் புள்ளிக் குச்சி ஒன்றைப் பந்தயம் வைப்பது), டோரா (கையின் மதிப்பை ஏற்றும் போனஸ் காய்), ஃபுரிடென் (கீழே வருகிறது) என்று வேறு தலைவலிகள் உண்டு.

ஒரு கை எப்படி முடிகிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரம்மி ஆடியவர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். மொத்தம் 136 காய்கள்; 34 வகை, வகைக்கு நான்கு. மான் (சீன எண் எழுத்து), பின் (வட்டம்), ஸோ (மூங்கில்) என மூன்று இனங்களில் 1 முதல் 9 வரை. இவை போக கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு காற்றுக் காய்கள். ஹாக்கு (வெள்ளை), ஹாட்சு (பச்சை), சுன் (சிவப்பு) என மூன்று டிராகன் காய்கள். கையில் எப்போதும் 13. ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். பதினான்காவது காய் வரும்போது நான்கு தொகுதியும் ஒரு ஜோடியும் அமைந்தால் கை முடிந்தது. தொகுதி என்பது 3-4-5 போன்ற சீக்வன்ஸ், அல்லது ஒரே காய் மூன்று சேர்ந்த செட்.

அந்தக் கடைசிக் காயைத் தானே எடுத்தால் ட்சுமோ. மூவரும் பணம் கட்டுவார்கள். இன்னொருவர் போட்ட காயில் முடித்தால் ரோன். போட்டவர் மட்டும் முழுவதையும் கட்ட வேண்டும். அடுத்தவர் போட்டதை எடுத்துச் செட் ஆக்கிக்கொள்வது பொன். ஒரே காய் நான்கைத் தொகுதியாக அறிவிப்பது கான்.

யாக்குமான் என்றால் என்ன? அதற்கு எவ்வளவு?

சாதாரணக் கைகளின் மதிப்பு ஹான் என்ற கணக்கில் ஏறும். 5 ஹான் என்றால் மாங்கான், 8,000. ஆறோ ஏழோ ஹானேமான், 12,000. எட்டு முதல் பத்து வரை பாய்மான், 16,000. பதினொன்றும் பன்னிரண்டும் சான்பாய்மான், 24,000. இந்த ஏணியில் ஏறாமல் நேராக உச்சியில் உட்கார்ந்திருப்பவை யாக்குமான் கைகள்: 32,000. டீலர் முடித்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 48,000.

ஒவ்வொருவரும் 25,000 புள்ளியுடன் தொடங்குகிறார்கள். ஆகவே முதல் கையிலேயே யாக்குமானுக்குக் காய் போட்டுக் கொடுத்தால் மைனஸில் போவீர்கள். பல இடங்களில் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ட்சுமோ என்றால் சுமை பிரியும்: டீலர் 16,000, மற்ற இருவரும் ஆளுக்கு 8,000. டீலரே ட்சுமோ அடித்தால் மூவரும் ஆளுக்கு 16,000.

ஒன்றை மனதில் வையுங்கள்: 32,000 என்பது உச்சவரம்பு. கை எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை. ஒரு வருடத்தில் சில முறை பார்க்கக்கூடிய கைக்கும், வாழ்நாள் முழுக்க ஆடினாலும் பார்க்காத கைக்கும் ஒரே விலை. கீழே வரும் பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

மொத்தம் எத்தனை?

பெரும்பாலான விதிப் புத்தகங்கள் ஒப்புக்கொள்பவை இவை.

ஸூஆன்கோ: மூடிய செட் (அடுத்தவர் காய் சேராமல் தானே எடுத்துச் சேர்த்தது) நான்கு.
கொகுஷி முசோ: 1, 9, காற்று, டிராகன் என்ற 13 வகையிலும் ஒவ்வொன்று, அவற்றில் ஏதேனும் ஒன்று இரட்டை.
டாய்ஸாங்கென்: மூன்று டிராகனுக்கும் செட்.
ஷோஸூஷி: மூன்று காற்றுக்குச் செட், நான்காவது ஜோடி. டாய்ஸூஷி: நான்கு காற்றுக்கும் செட்.
ட்ஸூயீஸோ: காற்றும் டிராகனும் மட்டும்.
சின்ரோதோ: 1-உம் 9-உம் மட்டும்.
ரியூயீஸோ: பச்சைக் காய்கள் மட்டும்.
சூரென் போதோ: ஒரே இனத்தில் 1112345678999, கூட அதே இனத்தில் ஏதேனும் ஒன்று.
ஸூகான்ட்சு: கான் நான்கு.
டென்ஹோ: டீலருக்குப் பிரித்த கையே முடிந்த கை. சீஹோ: டீலர் அல்லாதவர் தன் முதல் காயிலேயே முடிப்பது.

இதற்கு வெளியே ஊருக்கு ஊர் மாறும் கைகள் ஒரு கூட்டம் உண்டு. பிறகு வருகிறேன்.

இவற்றில் எது நிஜமாகவே கைக்கு வரும்?

ஸூஆன்கோ, கொகுஷி, டாய்ஸாங்கென். இந்த மூன்றையும் பழகிக்கொண்டால் போதும் என்பேன். ஆன்லைன் ஆட்டங்களில் விழும் யாக்குமான்களில் பெரும்பங்கு இந்த மூன்றுதான். மற்றவற்றைத் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. காய்கள் தாமாக வந்து குவிந்தால் அடையாளம் தெரிந்தால் சரி.

ஸூஆன்கோவுக்குக் காத்திருந்தேன், ரோன் சொன்னேன், 8,000தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான், அதனால் ஒரு கையை எடுத்துப் பார்ப்போம்.

உங்களிடம் 2 மான் மூன்று, 7 பின் மூன்று, 3 ஸோ மூன்று, 8 ஸோ இரண்டு, ஹாக்கு இரண்டு. எதுவும் திறக்கவில்லை. 8 ஸோ வந்தாலும் ஹாக்கு வந்தாலும் முடியும். அதை நீங்களே எடுத்தால் நான்கு செட்டும் உங்கள் கையிலேயே பிறந்தவை, ஸூஆன்கோ, 32,000. ஆனால் எதிரே இருப்பவர் ஹாக்கு போட்டு நீங்கள் ரோன் சொன்னால், அந்த ஹாக்கு செட் அடுத்தவர் காயால் ஆனது. அது மூடிய செட்டாகாது. மீதி இருப்பது மூன்று மூடிய செட்டுக்கு 2 ஹான், எல்லாமே செட் என்பதற்கு 2, ஹாக்குவுக்கு 1. ஐந்து ஹான், மாங்கான், 8,000.

ரோனிலும் ஸூஆன்கோ வேண்டுமென்றால் நான்கு செட்டும் முன்பே முடிந்து, ஜோடியின் ஒற்றைக் காய்க்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கு டாங்கி என்று பெயர்.

அப்படியானால் ரோனை விட்டுவிட்டு ட்சுமோவுக்குக் காத்திருக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. அதே கையை வைத்தே கணக்குப் போடுவோம். பன்னிரண்டாவது சுற்றில் அந்த ஹாக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 8 ஸோ இரண்டு, ஹாக்கு ஒன்று, மூன்றே காய். கண்ணுக்குத் தெரியாத காய்கள் எழுபது சொச்சம், நீங்கள் இன்னும் ஆறு முறை எடுப்பீர்கள். வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அதுவும் அதற்குள் வேறு யாரும் முடிக்காமல் இருந்தால். அந்த மூன்றும் மேசையின் கடைசியில் யாரும் தொடாத 14 காய்களுக்குள் புதைந்திருக்கவும் கூடும்.

கையில் விழுந்த 8,000-ஐ எடுங்கள். கடைசிக் கையில் 8,000 எதற்குமே உதவாது என்ற நிலை இருந்தால் மட்டும் விடலாம். ரீச்சி சொல்லிவிட்டு ரோனை விட்டால் அந்தக் கை முடியும்வரை யாரிடமும் ரோன் சொல்ல முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

பிரித்த கையில் முனைக் காய்களும் (1, 9) எழுத்துக் காய்களும் (காற்று, டிராகன்) சேர்ந்து ஒன்பது வகை இருக்கின்றன. கொகுஷி போகலாமா?

முதல் காய் எடுக்கும்போது, அதற்கு முன் யாரும் பொன் முதலியன சொல்லாமல் இருந்து, 1, 9, காற்று, டிராகன் வகைகளில் ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் கையைக் கலைத்து மறுபடி பிரிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒன்பது என்றால் நான் கலைத்துவிடுவேன். இன்னும் நான்கு வகை வேண்டும், ஒரு ஜோடியும் வேண்டும். யாரிடமிருந்தும் காய் வாங்க முடியாது. பத்து என்றால் புள்ளி நிலவரம் பார்த்து. பதினொன்று இருந்தால் கலைப்பவரைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும்.

கொகுஷியில் ஒரு வசதி உண்டு. நடுவில் கை விட வேண்டி வந்தால் கையில் இருப்பதெல்லாம் முனைக் காயும் காற்றும்தான். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாதவை. ஒவ்வொன்றாகப் போட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரே இனத்தை அடைத்து வைத்துக்கொண்டு சூரென் போதோ கனவு காண்பவருக்கு அந்த வசதி கிடையாது.

பதின்மூன்று வகையும் கையில். எது வந்தாலும் முடியும். ஆனால் அடுத்தவர் போட்டபோது ரோன் பொத்தானே வரவில்லையே?

உங்கள் முன்னால் கிடக்கும், நீங்களே போட்ட காய்களைப் பாருங்கள். எங்காவது ஒரு காற்றோ டிராகனோ 1-ஓ 9-ஓ கிடக்கும்.

நடப்பது இப்படி: ஆரம்பத்தில் வடக்கு இரண்டு, 1 மான் இரண்டு இருந்தன. ஒரு ஜோடி போதுமே என்று ஒரு வடக்கைப் போட்டீர்கள். பிறகு அவசரத்தில் இன்னொரு 1 மானும் போய், கடைசியில் பதின்மூன்று வகையும் ஒவ்வொன்றாக நின்றன. இப்போது வடக்கும் உங்களை முடிக்கும் காய்களில் ஒன்று. முடிக்கும் காய்களில் ஏதேனும் ஒன்றை நீங்கள் ஏற்கெனவே போட்டிருந்தால், அவற்றில் எதையும் ரோன் சொல்ல முடியாது. அதுதான் ஃபுரிடென். அந்த ஒரு வடக்கு மீதிப் பன்னிரண்டையும் பூட்டிவிட்டது.

கை செத்துவிடவில்லை, ட்சுமோ திறந்திருக்கிறது. பதின்மூன்று வகையிலும் மும்மூன்று காய் வெளியே, மொத்தம் 39. அதில் ஏற்கெனவே கீழே விழுந்தவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். பொறுமையாக எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனாலும் கொகுஷி என்று முடிவு செய்த பின் இரண்டாவது காயைப் போடும்போது ஒரு நொடி யோசிப்பது நல்லது.

எதிராளி கொகுஷி கட்டுகிறாரா என்று எப்படித் தெரியும்?

சாதாரணமாக எல்லோரும் முதலில் காற்றும் 1, 9-உம் போடுவார்கள். ஒருவர் மட்டும் முதல் காயிலிருந்தே 4, 5, 6 என்று நடுக்காய்களாக இறக்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பல சுற்று இப்படிப் போன பிறகு திடீரென்று ஒரு காற்றுக் காய் அவர் கையிலிருந்து விழுந்தால், இரட்டையாக வந்த உபரி வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கை நெருங்கிவிட்டது.

உறுதியான மருந்தும் ஒன்று இருக்கிறது. பதின்மூன்று வகையில் ஏதேனும் ஒன்று நான்கும் வெளியே தெரிந்தாலோ, உங்கள் கையிலேயே நான்கும் இருந்தாலோ, அந்தக் கொகுஷி பிறக்கவே முடியாது. தயங்காமல் ஆடலாம். ஒரு விசித்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்: மூடிய கானில் இருந்து காயைப் பறித்து முடிக்கக்கூடிய ஒரே கை கொகுஷிதான். பல விதிகள் இதை ஒப்புக்கொள்கின்றன. ஆகவே சந்தேகம் இருக்கும்போது 9 பின் நான்கு வைத்துக்கொண்டு கான் சொல்லும் முன் கொஞ்சம் பாருங்கள்.

டாய்ஸாங்கெனுக்கு மூன்றாவது டிராகனைப் போட்டது நான். முடித்தது வேறு காயில், அதுவும் ட்சுமோ. ஏன் முழுத்தொகையும் என் தலையில்?

பாவோ என்ற விதி. ஒருவர் ஹாக்குவும் ஹாட்சுவும் பொன் சொல்லித் திறந்து வைத்திருக்கிறார். சுன் போட்டால் என்ன ஆகும் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்தும் நீங்கள் சுன் போட்டு, அவர் பொன் சொல்லிவிட்டார். அந்த நிமிடமே டாய்ஸாங்கென் உறுதி. இனி அவர் எப்படி முடித்தாலும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. ட்சுமோ என்றால் 32,000-உம் நீங்கள் ஒருவரே. வேறொருவர் கடைசிக் காயைப் போட்டு ரோன் ஆனால் இருவரும் பாதிப் பாதி, ஆளுக்கு 16,000.

டாய்ஸூஷியில் நான்காவது காற்றுக்கும் இதே விதி. சில இடங்களில் நான்காவது கானுக்கும் உண்டு. கண்டிப்பான விதிதான், ஆனால் எனக்குப் பிடிக்கும். தன் கை முடிந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் காய் போட, மற்ற இருவரும் சேர்ந்து அழ வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டு டிராகன் திறந்தவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தால், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கையைக் கைவிடுங்கள். அவருக்கு அந்த மூன்றாவது டிராகன் இல்லாவிட்டால் அது பல நேரம் மலிவான கைதான். ஆனால் அந்த மலிவை அறிய நீங்கள் கட்டணம் கட்ட வேண்டாம்.

சூரென் போதோ முடித்தால் செத்துவிடுவார்களாமே?

ஜப்பானில் பழைய பேச்சு. வாழ்நாள் அதிர்ஷ்டம் முழுவதையும் ஒரே கையில் செலவழித்துவிட்டாய், இனி என்ன இருக்கிறது என்பது அதன் உட்பொருள். மாஜோங் கதைகளிலும் இந்த நம்பிக்கை நிறையப் புழங்குகிறது. முடித்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மறுபடி ஆட வருகிறார்கள் என்பதுதான் நடைமுறை.

கை மட்டும் உண்மையிலேயே அழகானது. 1112345678999 என்று கையில் நின்றால் அந்த இனத்தின் ஒன்பது காயில் எது வந்தாலும் முடியும். நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள். 5 வந்தால் 111, 234, 55, 678, 999. 4 வந்தால் 111, 234, 456, 789, 99. 1 வந்தால் 111, 123, 456, 789, 99. இந்த ஒன்பது முகக் காத்திருப்பைத் தூய சூரென் என்பார்கள். பதினான்கு காயும் அதே வடிவத்தில் முடிந்திருந்தாலும் காத்திருப்பு குறைவாக இருந்தால் அது சாதாரண சூரென்.

கவனிக்க வேண்டியது இரண்டு. கை திறக்கவே கூடாது. ஒரு பொன் சொன்னாலும் யாக்குமான் போய்விடும். அடுத்தது, ஒரே இனத்துக் காய்கள் நிறைந்த கையைக் கண்டதும் இதைத் தேடாதீர்கள். அந்தக் கை ஏற்கெனவே 6 ஹான் மதிப்புள்ளது. சூரெனுக்காக அதைக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ரியூயீஸோவுக்கு ஏன் 2, 3, 4, 6, 8 ஸோ மட்டும்? மற்ற மூங்கிலும் பச்சைதானே?

காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1 ஸோவில் மூங்கில் இல்லை, பறவை. அதில் சிவப்பு உண்டு. 5, 7, 9 மூன்றிலும் ஏதோ ஒரு குச்சி சிவப்பு. முழுக்கப் பச்சை மட்டும் உள்ளவை 2, 3, 4, 6, 8, அவற்றோடு ஹாட்சு. ஆறு வகை, 24 காய்.

சின்ரோதோவுக்கும் கணக்கு அதே 24 காய்தான் (மூன்று இனத்தின் 1-உம் 9-உம்). ஆனால் ரியூயீஸோவில் 2-3-4 என்று சீக்வன்ஸ் போடலாம், சின்ரோதோவில் செட் தவிர வழியில்லை. அதனால் காய் எண்ணிக்கை ஒன்றானாலும் பச்சைக் கை கொஞ்சம் இளக்கமானது. ட்ஸூயீஸோவுக்கு ஏழு வகை, 28 காய். ஏழு வகையும் ஏழு ஜோடியாக வந்தாலும் கணக்கில் சேரும். ஆறே வகை உள்ள சின்ரோதோவில் அது நடக்க வழியே இல்லை.

ஸூகான்ட்சுவை யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்தவர்கள் பல நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான்கு கான், ஒரு ஜோடி. முடியும்போது கையில் 18 காய். ஒவ்வொரு கானுக்கும் ஒரு புதிய டோரா திறக்கும், அதாவது நீங்கள் கட்டக் கட்ட எதிராளிகளின் கையும் விலை ஏறும். நான்காவது கானுக்குப் பின் மிச்சம் இருப்பது ஒற்றைக் காய். அதன் ஜோடிக்காகத் தவம் கிடக்க வேண்டும். உங்கள் நான்கோடு இன்னொருவரின் கானும் சேர்ந்தால் சில விதிகளில் கை கலைந்துவிடும்.

இதற்கும் 32,000, மூடிய செட் நான்குக்கும் 32,000. அநியாயம் என்று தோன்றுகிறதா? எனக்கும்தான். உச்சவரம்பு என்று ஒன்று வைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

டென்ஹோவுக்கு எவ்வளவு வாய்ப்பு?

டீலராக உட்காரும் ஒவ்வொரு முறைக்கும் ஏறக்குறைய 3,30,000-இல் ஒன்று. ஆடுபவரின் திறமை ஒரு துளி கூடத் தேவையில்லாத ஒரே பெருமை.

காய்களைக் கையால் கலக்கி அடுக்கிய காலத்தில் டென்ஹோ என்றாலே மற்றவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சுவர் அடுக்கும்போதே வேண்டிய காய்களை வேண்டிய இடத்தில் வைத்துவிடும் ஏமாற்று ஒன்று. தன் முன்னால் உள்ள சுவரில் முடிந்த கையைத் தயாராக அடுக்கி, யாரும் பார்க்காத நொடியில் முழுக் கையையும் மாற்றிவிடும் ட்சுபாமே கயேஷி என்ற கைவித்தை மற்றொன்று. தானே கலக்கி அடுக்கும் மின்மேசை வந்த பிறகு அந்தச் சந்தேகம் ஓய்ந்தது. டென்ஹோ என்பது இன்று ஜப்பானின் மிகப் பெயர்பெற்ற ஆன்லைன் மாஜோங் தளங்களில் ஒன்றின் பெயரும்கூட.

ஹான் கூட்டிக் கூட்டி 13 வந்தால் அதுவும் யாக்குமானா?

பல இடங்களில் ஆம். கஸோயே யாக்குமான் என்பார்கள். ஆனால் இதில் மேசைக்கு மேசை வித்தியாசம் உண்டு. சைபர் ஏஜென்ட் நிறுவனத்தின் ஃபுஜிதா ஸுஸுமு முன்னின்று 2018-இல் தொடங்கிய எம்.லீக் தொழில்முறைப் போட்டியில் இதற்கு இடமில்லை. எத்தனை ஹான் சேர்ந்தாலும் சான்பாய்மான்தான்.

அழகான உதாரணம் பின் இனத்தில் 22334455667788. இது சில ஊர்களில் டாய்ஷாரின், பெரிய சக்கரம் என்று தனி யாக்குமான். அந்த விதி இல்லாத இடத்தில் கூட்டிப் பாருங்கள்: ஒரே இனம் 6, இரட்டைச் சீக்வன்ஸ் இரண்டு 3, முனைக் காய் இல்லாதது 1, பின்ஃபு (செட்டே இல்லாமல் எல்லாம் சீக்வன்ஸ் ஆன எளிய கை) 1. பதினொன்று. ரீச்சி சொல்லி ட்சுமோவும் அடித்தால் இன்னும் இரண்டு, சரியாகப் பதின்மூன்று.

நிஜ யாக்குமானுக்கு டோரா எத்தனை இருந்தாலும் ஒரு புள்ளி கூடாது. மேசையில் கிடக்கும் ரீச்சிக் குச்சிகளும் ஹொன்பா தொகையும் (டீலர் முடித்தாலோ யாரும் முடிக்காமல் போனாலோ அடுத்த கைக்கு ஏறும் கூடுதல் தொகை) மட்டும் சேரும்.

டபுள் யாக்குமான் உண்டா?

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே கையில் இரண்டு யாக்குமான் சேர்வது ஒன்று. நான்கு காற்றுச் செட்டும் ஒரு டிராகன் ஜோடியும் என்றால் டாய்ஸூஷியும் ட்ஸூயீஸோவும் சேர்ந்து 64,000. ஒரே யாக்குமானின் கடினமான வடிவத்துக்கு இரட்டை விலை தருவது இன்னொன்று: டாய்ஸூஷி, டாங்கி ஸூஆன்கோ, பதின்மூன்று முகக் கொகுஷி, தூய சூரென். மாஜோங் சோல் செயலியில் இந்த நான்குக்கும் இரட்டை விலை. டென்ஹோ தளத்தில் ஒற்றைதான். உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் யாக்குமான் என்று சொல்பவை?

எண்ணினால் ஓயாது. எனக்குப் பிடித்தவை மட்டும்.

ஹ்யாக்குமான் கொகு: மான் இனத்தில் மட்டும் கை, எண்களின் கூட்டுத்தொகை 100 அல்லது மேல். 999, 888, 777, 666, 55 கூட்டிப் பாருங்கள், துல்லியமாக 100. கொகு என்பது பழைய ஜப்பானில் அரிசி அளந்த அளவு; ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்பது உத்தேசக் கணக்கு. கனஸாவாவைத் தலைநகராகக் கொண்ட காகா நாட்டுக்குப் பத்து லட்சம் கொகு நாடு என்று பேர். அந்தப் பெருமைதான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இஷி நோ உவே நி மோ சான்னென்: முதல் காயிலேயே ரீச்சி சொல்லி, சுவரின் கடைசிக் காயில் ட்சுமோ அடிப்பது. ‘கல் மேலும் மூன்று வருடம்’ என்ற ஜப்பானியப் பழமொழி. குளிர்ந்த கல்லும் மூன்று வருடம் உட்கார்ந்தால் சூடேறும் என்பது பொருள்.

பாரென்சான்: டீலராக இருந்துகொண்டே தொடர்ந்து எட்டு முறை முடிப்பது. ரென்ஹோ: உங்கள் முதல் முறை வருமுன்பே ஒருவர் போட்ட காயில் ரோன், சில இடங்களில் யாக்குமான், சில இடங்களில் மாங்கான், சில இடங்களில் ஒன்றுமே இல்லை.

எப்போதுதான் துரத்தலாம்?

புள்ளிப் பலகை கேட்கும்போது. கடைசிக் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 6,000, முதலிடத்தாரிடம் 44,000, நீங்கள் டீலர் இல்லை. பாய்மானை அவரிடமே நேராக வாங்கினாலும் 22,000-க்கு 28,000, போதாது. யாக்குமானை நேராக வாங்கினால் 38,000-க்கு 12,000. ட்சுமோ அடித்தால், அவர் டீலராக இல்லாவிட்டாலும் அவரிடம் 36,000 மிஞ்சும். நீங்கள் 2,000 வித்தியாசத்தில் முதல். ஆனால் மூன்றாமவர் ஒருவரிடம் ரோன் வாங்கினால் 38,000-க்கு 44,000, இரண்டாமிடமே. யாரிடம் வாங்குகிறோம் என்பது யாக்குமானிலும் முக்கியம்.

இந்த நிலையில் ஒன்பது வகை வந்தால்கூடக் கலைக்காமல் கொகுஷி போங்கள். முதல் சுற்றில், எல்லோரும் 25,000-இல் இருக்கும்போது, அதே கையைக் கலையுங்கள். ஒரே பதின்மூன்று காய்க்கு இரண்டு சரியான பதில்கள்.

நேரில் ஆடும்போது யாக்குமான் விழுந்தால் என்ன செய்வது?

முதலில் கையைத் தெளிவாகத் திறந்து வைத்துப் பெயரைச் சொல்லுங்கள். எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்டு புள்ளிக் குச்சிகள் கை மாறும்வரை ஒரு காயையும் நகர்த்தாதீர்கள். மின்மேசையில் உற்சாகத்தில் காய்களைக் குழிக்குள் தள்ளிவிட்டால் ஆதாரம் போய்விடும். ஜப்பானிய மாஜோங் கூடங்களில் படம் எடுத்துச் சுவரில் ஒட்டும் வழக்கம் உண்டு. சில கூடங்கள் பரிசும் தரும். வீட்டில் ஆடுபவர்கள் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாளை யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்று பேர் ஆட்டத்தில் யாக்குமான் அதிகம் வருமா?

வரும். ஸன்மாவில் 2 முதல் 8 வரையான மான் காய்களை எடுத்துவிடுவார்கள். 28 காய் குறைந்து 108, வகைகள் 27. ஆனால் கொகுஷிக்கு வேண்டிய பதின்மூன்று வகையும் அப்படியே இருக்கும். 34-இல் 13 என்பது 27-இல் 13 ஆகிறது. காற்றுக்கும் டிராகனுக்கும் சின்ரோதோவுக்கும் இதே ஆதாயம். மான் இனத்தில் சூரென் மட்டும் நடக்காது. விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பல ஆன்லைன் தளங்களில் நான்காவது ஆளின் பங்கை யாரும் கட்டுவதில்லை. டீலர் அல்லாதவர் ட்சுமோ அடித்தால் 16,000-உம் 8,000-உம் சேர்த்து 24,000தான் கைக்கு வரும்.